பூசணம் பிடித்த கட்டையிலே ஒரு செப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மரக்கடைசல் குழுவின் சார்பில் பேசியது)



எனக்கு மேடையிலே பேசிப் பழக்கம் கிடையாது. குழுக் கூட்டத்திலே தீர்மானப் புத்தகத்தை வாசிப்பேன், அவ்வளவுதான். வெறுங்கையோடு வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இந்தச் செப்பைக் கூடவே எடுத்து வந்தேன். முதல் வரிசையிலிருந்து ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பாருங்க. நான் பேசி முடிக்கிறதுக்குள்ளே கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்திரும்.

இதைப் பார்க்கிறவங்க எல்லாரும் முதலில் கேட்கிறது ஒரே கேள்விதான்: "இந்தக் கறுப்புக் கோடு பேனாவிலே போட்டதா?" பேனாவிலே போட்டது இல்லை. பூசணம் போட்ட கோடு. அழுக ஆரம்பிச்ச மாமரம் இது. அடுப்புக்குப் போக வேண்டிய கட்டை எப்படிச் செப்பு ஆச்சு என்பதைத்தான் சொல்ல வந்தேன். நடுவிலே நாங்க பண்ணின தப்பும் வரும். அதையும் சொல்லத்தான் செய்வேன். சொல்லக் கூடாது என்று எங்க குழுவிலேயே ரெண்டு பேர் சொன்னாங்க. அவங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்திலே மரச்சொப்பு கடைகிறது உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச வேலைதான். அடுப்பு, பானை, அம்மி, உரல், உலக்கை, திருகை என்று நாம எல்லாரும் சின்ன வயசிலே வச்சு விளையாடினது. செப்பு என்கிறதுதான் பிள்ளைகள் வாயிலே சொப்பு ஆயிட்டுது. மலை மரம் தாராளமா வந்த காலம் போய், இப்போ ரப்பர் மரமும் தைல மரமும்தான் அதிகம். நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாலம் தாண்டிப் போய் ஒரு பட்டறையிலே 9 வருஷம் அரக்கு ஏத்துகிற வேலை பார்த்தேன். ஓடுகிற கட்டை மேலே அரக்குக் குச்சியை அழுத்தினா அந்த உரசல் சூட்டிலேயே உருகி ஒட்டும், பொறவு தாழை ஓலையை வச்சுத் தேய்ச்சா பளபளப்பு வரும். உளி பிடிக்க மட்டும் பொம்பளைகளை விட மாட்டாங்க. மதியம் ஆசாரிமார் சாப்பிடப் போகிற நேரத்திலே கழிவுக் கட்டையிலே கடைஞ்சு பார்த்துப் பழகினதுதான் என் படிப்பு.

அப்புறம் நம்ம குழுவிலே அஞ்சு பேர் சேர்ந்து, வங்கிக் கடன் வாங்கி, மோட்டார் வச்ச கடைசல் எந்திரம் ஒண்ணு போட்டோம். கடனிலே 28,000 ரூபாய்க்கு ரப்பர் கட்டை இறக்கினோம். மருந்து ஏத்தாத பச்சைக் கட்டை. விலை குறைச்சல் என்று வாங்கினது. கட்டை வந்து இறங்கி பதினஞ்சு நாள்கூட ஆகலை, 2023 டிசம்பர் 17, 18 வந்துட்டுது.

அந்த ரெண்டு நாளைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்திலே ஒரே நாளிலே 90 சென்டிமீட்டருக்கு மேலே கொட்டின மழை அது. மாஞ்சோலைப் பக்கமும் விடாமப் பெய்ஞ்சு, அணைத் தண்ணி எல்லாம் தாமிரபரணியிலே வந்து சேர்ந்துட்டுது. எங்க கொட்டகைக்குள்ளே முழங்காலுக்கு மேலே தண்ணி. எந்திரத்து மோட்டாரை மட்டும் கழட்டி மச்சிலே ஏத்திட்டோம். கட்டையை என்ன செய்ய? தண்ணி வடிஞ்ச பொறவு அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினோம். அதுதான் முதல் தப்பு. மழை படக் கூடாது என்று மூடினோம். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் தார்ப்பாயை விலக்கினா, கட்டை எல்லாம் சாம்பல் நீலமா மாறி, அங்கங்கே வெள்ளை பூத்து, புளிச்ச வாடை அடிச்சுது.

வழக்கமா எங்ககிட்டே சரக்கு எடுக்கிற கடைக்காரர் வந்து பார்த்தார். "இது சொப்புக்கு ஆகாது தாயி" என்று ஒரே வார்த்தையிலே போயிட்டார். மாசத் தவணை 3,500 ரூபாய் தலைக்கு மேலே நிக்குது.

அடுத்த கூட்டத்திலே விறகுக்குப் போட்டிருவோம் என்று ரெண்டு பேர் சொன்னாங்க. நான்தான் வேண்டாம் என்றேன். "கலர் அரக்கு ஏத்தினா உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சிவப்பும் மஞ்சளும் போட்டா புதுக் கட்டை மாதிரிதான் இருக்கும்" என்றேன். அரக்கு வேலைக்காரி நான் சொன்னதாலே எல்லாரும் கேட்டாங்க. மாசி மாசம் பூரா உட்கார்ந்து 40 செட்டு போட்டோம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் போகிற கூட்டத்துக்குன்னு வேற ஒரு கடைக்காரர் மொத்தமா எடுத்துக்கிட்டார். அவர்கிட்டே கட்டை நனைஞ்ச விஷயத்தைச் சொல்லலை.

சித்திரை பிறந்து நாலு நாள் இருக்கும். ஒரு ஆச்சி பேத்தியைக் கையிலே பிடிச்சுக்கிட்டு அந்தக் கடைக்காரரோட எங்க கொட்டகைக்கு வந்தாங்க. ஒரு பேப்பரைப் பிரிச்சு மேஜை மேலே வச்சாங்க. உலக்கை ரெண்டாப் போயிருந்தது. உடைஞ்ச இடத்திலே அரக்குக்கு உள்ளே மரம் ரொட்டி மாதிரி உதிருது. "பிள்ளை வாயிலே வச்சுட்டா. தூள் தூளா வந்திச்சு. நல்லவேளை நான் பார்த்தேன்" என்றாங்க. சத்தம்கூடப் போடலை. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

40 செட்டுக்கும் உண்டான பணத்தைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தோம். கடையிலே விற்காம இருந்த 19 செட்டை எடுத்து வந்தோம். விற்றதிலே 9 செட்டு திரும்பி வந்தது. மீதி 12 செட்டு எந்த ஊரிலே எந்தப் பிள்ளை கையிலே இருக்கோ, இன்னைக்கும் தெரியாது.

விளையாட்டுச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேணும் என்கிற உத்தரவு 2021 ஜனவரியிலே இருந்து நடப்பிலே இருக்கு. மத்திய அரசின் கைவினைப் பொருள் அபிவிருத்தி ஆணையர் அலுவலகத்திலே பதிஞ்சு அடையாள அட்டை வாங்கின கைவினைஞருக்கு அதிலே விலக்கு உண்டு. அட்டை வாங்காத மரவேலைக் குழு இங்கே இருந்தா சீக்கிரம் வாங்கிருங்க. ஆனா அந்த விலக்கு நம்மளை நம்பிக் கொடுத்தது. நான் அந்த அட்டையை வச்சுக்கிட்டுத்தான் அந்த வேலையைச் செஞ்சேன்.

சரி, செப்புக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த பட்டறையிலே வயசான ஆசாரி ஒருத்தர் உண்டு. கண் பார்வை மங்கினதாலே வேலையை விட்டுட்டார். அவரைக் கூட்டி வந்து மீதிக் கட்டையைக் காட்டினோம். அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கட்டையா எடுத்துச் சுத்தியல் காம்பாலே தட்டினார். 'டங்' என்று கேட்டா வலது பக்கம், 'பொத்' என்று கேட்டா இடது பக்கம். அப்புறம் வலது பக்கத்துக் கட்டையிலே கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கினா அதுவும் இடது பக்கம். ஒரு மணி நேரத்திலே பிரிச்சு முடிச்சுட்டார். இடது பக்கத்தை விறகுக்குப் போட்டோம், 3,200 ரூபாய் கிடைச்சது. "நிறம் மாறினதெல்லாம் கெட்டுப் போனது இல்லட்டீ. பலம் போனதுதான் கெட்டது" என்றார். ரெண்டையும் நான் ஒண்ணா நினைச்சிருந்தேன்.

அதுக்குப் பொறவு நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்லுதேன். வெட்டின மரத்திலே ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தா பூசணம் வந்திரும். அதிலே பல வகை. ஒரு வகை மரத்திலே இருக்கிற சர்க்கரை, மாவுச் சத்தை மட்டும் தின்னுட்டு நீலச் சாயத்தை விட்டுட்டுப் போகும். ரப்பர் மரத்திலே மாவுச் சத்து அதிகம், அதனாலே வெட்டின சில நாளிலேயே நீலம் பாய்ஞ்சிரும். மருந்து ஏத்தி, சூளையிலே உலர்த்தி விற்கிறது அதுக்காகத்தான். இந்த நீலத்தாலே மரத்தோட பலம் பெருசாக் குறையாது. இன்னொரு வகை மரத்தையே தின்னும். அது தின்ன இடம் வெளுத்து, லேசாகி, பொதபொதன்னு ஆயிரும். அந்த உலக்கை உடைஞ்சது இதனாலே.

மூணாவதுதான் நீங்க கையிலே வச்சிருக்கிற கறுப்புக் கோடு. ஒரே கட்டைக்குள்ளே ரெண்டு மூணு பூசணம் வெவ்வேறு பக்கமிருந்து தின்னுக்கிட்டே வரும். ஒண்ணுக்கொண்ணு சந்திக்கிற இடத்திலே, இது என் இடம், நீ வராதே என்று கறுப்பா ஒரு சுவர் எழுப்பிக்கிடும். பங்காளிகள் எல்லைக் கல் நட்ட மாதிரி. நாம குறுக்கே அறுத்தா அந்தச் சுவர் கோடாத் தெரியுது. செப்பைத் திருப்பிப் பாருங்க, கோடு எங்கேயும் அறுந்து போகாது, சுத்தி வந்து சேரும். சுவர் உள்ளேயும் போகிறதாலே, மூடியைத் திறந்தா உள் பக்கமும் அதே கோடு இருக்கும்.

கட்டை உலர்ந்து ஈரம் நூத்துக்கு இருபதுக்குக் கீழே இறங்கிட்டா பூசணம் அதோட நின்னுரும். பொறவு வளராது. ஆக இந்த வேலையிலே சாமர்த்தியம் என்று ஏதாவது இருந்தா, அது எப்போ நிறுத்துகிறது என்கிறதிலேதான் இருக்கு. ஒரு மாசம் முந்தினா வெறும் கட்டை. ஒரு மாசம் பிந்தினா விறகு.

இதை இங்கிலீஷிலே ஸ்பால்டட் மரம் என்கிறாங்க. அமெரிக்காவிலே மெல்வின் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் என்று ரெண்டு பேர், 1970களிலே இப்படி விறகுக் குவியலிலே கிடந்த கட்டைகளை எடுத்துக் கடைஞ்சு, காட்சிக்கு வைக்கிற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. அதே காலத்திலே டேவிட் எல்ஸ்வொர்த் என்கிறவர், சின்ன வாய் வழியா வளைஞ்ச உளியை விட்டு உள்ளே குடைகிற வேலையிலே பேர் வாங்கினார். இத்தாலியிலே 500 வருஷத்துக்கு முன்னாலேயே, பூசணத்தாலே பச்சையாப் போன மரத்தைத் தேடி எடுத்து, மரச் சித்திரத்திலே இலைக்கும் செடிக்கும் பதிச்சிருக்காங்க. அதையெல்லாம் கேட்டப்போ எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நம்ம ஊரிலும் உப்புக்கும் ஊறுகாய்க்கும் மரவை வச்சிருந்த ஆட்கள்தானே நாம. குடைஞ்ச மரப் பாத்திரம் நமக்குப் புதுசு இல்லை.

மாமரம் வந்த கதை சின்னதுதான். ஆற்றங்கரைத் தோப்பு ஒண்ணிலே வெள்ளத்திலே சாய்ஞ்ச பழைய மாமரம் அஞ்சு மாசமா அப்படியே கிடந்தது. அடிமரத்தை 1,500 ரூபாய்க்கு வாங்கி அறுத்தோம். முதல் துண்டு விழுந்ததும் எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம். ஆறு வரைபடம் மாதிரி கோடு கோடா ஓடுது. இதிலே இன்னொண்ணு சொல்லிருதேன். மலை மேலே சாய்ஞ்ச மரம் எவ்வளவோ கிடக்கு, எடுத்துட்டு வந்தா என்ன என்று சில பேர் கேட்கிறாங்க. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சுள்ளி பொறுக்கினாலும் வழக்குதான்.  மா, பலா, ரப்பர், தூங்குமூஞ்சி போதும் நமக்கு. வாங்கின ரசீதைப் பத்திரமா வச்சுக்கிடுங்க.

கடைகிறது எப்படின்னா, கட்டையோட நடுவிலே ஊசி மாதிரி ஒரு சோறு ஓடும். அதை விட்டுட்டு ஒதுக்கித் துண்டு போடணும். நடுவைச் சேர்த்துக் கடைஞ்சா எப்படியும் வெடிக்கும். துண்டை எந்திரத்திலே ஒரு பக்கம் கவ்வ வச்சு, மறுபக்கம் ஊசி முனையிலே முட்டுக் கொடுத்து, முதலில் வெளி உருவம். அப்புறம் நடுவிலே துளை போட்டு, முட்டை எடுத்துட்டு, உள்ளே குடையணும். செப்பு வாய் ரெண்டு அங்குலம், வயிறு அஞ்சு அங்குலம். உள்ளே உளி என்ன செய்யுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கையிலே வருகிற அதிர்வும் சத்தமும்தான் கண். நடுவிலே இருந்து ஓரத்துக்கு இழுத்து வரணும், ஓரத்திலே இருந்து நடுவுக்கு வந்தா உளி கடிச்சுக்கிடும். சுவர் எவ்வளவு கனம் இருக்குன்னு பார்க்க ஒரு கம்பியை வளைச்சு வச்சிருக்கோம்.

நல்ல மரத்திலேயே இது கஷ்டம். இந்த மரத்திலே ஒரு சுத்துக்குள்ளே கல்லு மாதிரி ஒரு இடம், பஞ்சு மாதிரி ஒரு இடம். உளி கல்லிலே வழுக்கிட்டு வந்து பஞ்சிலே இறங்கிப் பிய்ச்சிரும். அதுக்கு ரெண்டுதான் வழி. உளியைச் சும்மாச் சும்மா தீட்டணும். நாங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தீட்டுகிறோம். மெத்தான இடத்துக்கு அவலரக்கை ஸ்பிரிட்டிலே நீர்க்கக் கரைச்சுக் குடிக்கக் கொடுக்கணும். நாலு மணி நேரம் காய விட்டா இறுகிடும், பொறவு உளிக்கு நிக்கும். உப்புத்தாளைப் போட்டு அழுத்தித் தேய்ச்சுச் சரிபண்ணலாம்னு நினைக்காதீங்க. மெத்து குழிஞ்சு போகும், கல்லு மேடா நிக்கும்.

முதல் செப்பு என்ன ஆச்சுன்னு கேளுங்க. கட்டையிலே வளையமா ஒரு வெடிப்பு இருந்திருக்கு, நான் கவனிக்கலை. எந்திரம் முழு வேகத்திலே ஓடுது, நான் நேர் எதிரே நிக்கேன். 'படார்'னு மூணு துண்டாப் பறந்தது. ஒண்ணு தகரத்தைக் கிழிச்சுட்டு வெளியே போச்சு. ஒண்ணு இந்தப் புருவத்திலே பட்டது. மூணு தையல். இன்னும் அரை அங்குலம் கீழே பட்டிருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சு கிடையாது. அன்னைக்கு சாயந்திரமே முகக் கவசம் வாங்கினோம். இப்போ எந்திரத்தைப் போடும்போது யாரும் நேரே நிக்க மாட்டோம், ஒதுங்கி நின்னுதான் சுவிட்சைப் போடுவோம். முதல் கால் மணி நேரம் மெதுவேகம்தான். வெடிப்பு தெரிஞ்சா அதிலே பசை இறக்கிச் சுத்திக் கயிறு போட்டு, மறுநாள்தான் தொடுவோம்.

சேலை விஷயமும் சொல்லணும். முந்தானை, பின்னல், துப்பட்டா, கையிலே தொங்குகிற கயிறு, எதுவும் எந்திரம் பக்கத்திலே வரக் கூடாது. நாங்க சுடிதார் மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, தலையைக் கொண்டையாக் கட்டித் துணியைச் சுத்திக்கிடுகிறோம். முதலில் தெருவிலே சிரிச்சாங்க. அந்தத் தூசி சாதாரண மரத்தூசியும் இல்லை, பூசணத் தூசி. மூக்குக் கவசம் இல்லாம ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது. எங்களிலே ஒருத்திக்கு இழுப்பு உண்டு. அவளைக் கொட்டகைக்குள்ளேயே விடலை. கணக்கும் விற்பனையும் அவள் பொறுப்பு.

ரெண்டாவது செப்பு நல்லா வந்தது. கால் அங்குலச் சுவர், வழுவழுன்னு. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பரணிலே வச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு 'டப்'னு ஒரு சத்தம். பல்லி எதையோ தட்டிவிட்டுதுன்னு நினைச்சேன். காலையிலே பார்த்தா வாயிலே இருந்து அடி வரைக்கும் பிளந்து கிடக்கு. ஈரக் கட்டையை ஒரே மூச்சிலே மெல்லிசாக் கடைஞ்சதுதான் காரணம்.

பக்கத்து வீட்டு ஆச்சி அப்பளம் போடுகிறவங்க. கல்லிடைக்குறிச்சியிலே அப்பளம் தெரியாத வீடு எது? அவங்கதான் பார்த்துட்டு, "பச்சை அப்பளத்தைச் சுள்ளுன்னு வெயில்லே போட்டா கோணிக்கிடும்லா, நெழல்லே ஆறப் போட்டுத்தானே எடுப்போம், இதுக்கும் அதான்" என்றாங்க. ஆசாரியைப் போய்க் கேட்டா அவரும் அதையேதான் வேற மாதிரி சொன்னார். இப்போ நாங்க ரெண்டு தடவையாக் கடைகிறோம். முதல் தடவை தடிசா விட்டிருவோம். அஞ்சு அங்குல அகலம்னா அரை அங்குலச் சுவர், பத்திலே ஒரு பங்கு. அதைக் கடைசல் தூளோட சேர்த்துக் காகிதப் பையிலே போட்டுக் கட்டி, காத்து நேரே படாத இடத்திலே வச்சிருவோம். வாரம் ஒரு தடவை எடுத்து நிறுத்து அடியிலே பென்சிலாலே எழுதுவோம். உங்க கையிலே இருக்கிற செப்பு வைக்கும்போது 880 கிராம். எட்டாவது வாரம் 590. ஒன்பதாவது வாரமும் 590. எடை இறங்காம நின்னுட்டா உலர்ந்துட்டுதுன்னு அர்த்தம். அதுக்குள்ளே வட்டமா இருந்தது முட்டை மாதிரி கோணி இருக்கும். அந்தக் கோணலுக்காகத்தான் தடிசா விட்டது. மறுபடி எந்திரத்திலே ஏத்தி, மெல்லிசா முடிச்சு, நிறமில்லாத அரக்கு. கலர் அரக்கு இதுக்குத் தொடுகிறதே இல்லை.

நிறுக்கிறது வீட்டுத் தராசுதான். அந்த எட்டு வாரம் காத்திருக்கிறதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். தவணை தேதி காத்திருக்காதே. ரெண்டு மாசத் தவணையைக் கூட்டமைப்பு தள்ளிக் கொடுத்தது. அதை இந்த மேடையிலே நன்றியோட சொல்லுதேன். மத்த மாசம் எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் அப்பளம் போட்டும் ஜாக்கெட் தைச்சும்தான் கட்டினோம்.

கணக்கையும் சொல்லிருதேன், பொருளாளர் அக்கா எப்படியும் கேட்பாங்க. இதுவரைக்கும் 46 செப்பு கடைஞ்சோம். 9 உடைஞ்சது. 31 விற்றது, ஒண்ணு 650 ரூபாய். 6 கையிலே இருக்கு. செப்பிலே வந்தது 20,150. கெட்டியான நீலக் கட்டையிலே கதவுக் குமிழும் திரைச்சீலைக் கம்பிக் குண்டும் கடைஞ்சதிலே 6,400. விறகு 3,200. மொத்தம் 29,750. கட்டை வாங்கினது 29,500. ஆக 250 ரூபாய் லாபம். சிரிக்காதீங்க. இதிலே கரண்ட், பசை, உப்புத்தாள், அஞ்சு பேர் கூலி எதுவும் சேரலை. சேர்த்தா நஷ்டம்தான். ஆனா அந்த 28,000 மொத்தமாப் போயிரும்னு இருந்தது, கட்டைக் காசு திரும்பிட்டுது. எந்திரமும் இருக்கு, இப்போ வேலையும் தெரியும். இதைப் பார்த்துட்டு ஒரு வருஷத்திலே லட்சாதிபதி ஆகலாம்னு யாரும் கடன் எடுத்துராதீங்க. சாதா சொப்புதான் இன்னும் எங்களுக்குச் சோறு போடுது. அதுக்கு இப்போ மருந்து ஏத்தின உலர்ந்த கட்டைதான் வாங்குகிறோம்.

செப்போட ஒரு சீட்டு வச்சுக் கொடுக்கிறோம். அடியிலே ஒட்டியிருக்கு பாருங்க. 'வெள்ளத்தில் சாய்ந்த மாமரம். கோடுகள் பூசணத்தால் வந்தவை. ஏலக்காய், கிராம்பு, நகை, நூல் வைக்கலாம். ஈரமான பண்டம் வைக்க வேண்டாம். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் அல்ல.' கண்காட்சியிலே இதை வாசிச்சுட்டு வச்சுட்டுப் போனவங்க நிறைய. பூசணம் என்கிற வார்த்தையை எடுத்துட்டு 'இயற்கைக் கோடு'ன்னு போடுங்க, இன்னும் விற்கும் என்று ஒரு பெரிய வியாபாரி சொன்னார். இதே கட்டையிலே சொப்பு செட்டு போட்டா இருநூறு செட்டு எடுக்கிறேன் என்றும் சொன்னார். எங்க குழுவிலே அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேச்சு. தவணை நிக்குதேன்னு ஒருத்தி அழுதாள். அவள் அழுததிலே தப்பு ஒண்ணும் இல்லை. நான் அந்த ஆச்சி கொண்டு வந்த உலக்கைத் துண்டை எடுத்து நடுவிலே வச்சேன், பேசலை. கோடு விழுந்த மரத்திலே குழந்தைச் சாமான் செய்கிறதில்லைன்னு தீர்மானம் எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தீர்மானம் 2024 ஆவணி மாசப் பக்கத்திலே இருக்கு.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை உண்டு. நம்ம வட்டாரத்திலே பத்தமடையிலே பாய், வீரவநல்லூரிலே சேலை, காருகுறிச்சியிலே மண்பானை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கைவேலை இருக்கு. எல்லாத்துக்கும் மூலப்பொருள் மழையிலே நனையத்தான் செய்யும். அடுத்த வடகிழக்கு மழைக்குள்ளே, தரையிலே இருந்து மூணு அடி உயரத்திலே சரக்கு வைக்கிற மாதிரி ஒரு பொதுக் கொட்டகை வேணும். காத்து போகிற மாதிரி பக்கம் திறந்து, கூரை மட்டும் நீளமா இறக்கி. தார்ப்பாய் வேண்டாம். எழுதிக் கொடுத்திருக்கேன், தலைவி அக்கா கையிலே இருக்கு.

செப்பு எங்கே வந்திருக்கு? நாலாவது வரிசையா. மூடி வாயோரத்திலே ஒரு ஓட்டை தெரியும், விரல் நுழையாது. அது நான் குடையும்போது உள்ளே இருந்த பொந்து சுவரிலே வெளியே வந்துட்டுது. அடைச்சிருக்கலாம், அடைக்கலை. அதனாலேதான் அதை விலைக்குப் போடாம வீட்டிலே மஞ்சள் கிழங்கு போட்டு வச்சிருக்கேன். கடைசல் பழகணும்னு ஆசை உள்ளவங்க வியாழக்கிழமை காலையிலே கொட்டகைக்கு வாங்க. சேலை கட்டிட்டு வராதீங்க. அந்தப் பக்கத்து மதினி, மூடியை இறுக்கித் திருகாதீங்க, அது திருகு மூடி இல்லை, சும்மா தூக்கினா வந்திரும். அப்படித்தான்.